மண்ணெண்ணெய் அளவு

பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்து அளந்த பிறகுதான் சிலிண்டரைக் குடைய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவனை நான் இன்றைக்கும் மதிப்பதில்லை. பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை நம்பி முதலில் குடைந்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற பிஸ்டனைத் தேடிப் பிறகு அலைகிறவர்கள் அந்தக் காலத்துக் கொழும்பில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் கெடுத்த சிலிண்டர்களால்தான் கொட்டாஞ்சேனையில் எங்கள் பட்டறை ஓடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பட்டறை துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. சிலிண்டர் குடைகிற மெசின் ஒன்று, கடைசல் மெசின் ஒன்று, முதலாளி, நான். அவ்வளவுதான். முதலாளி அங்கேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். செவ்வாய்க்கிழமை தோறும் மத்தியானம் பட்டறையை என்னிடம் விட்டுவிட்டுக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்விடுவார். நல்ல மனிதர். ஆனால் வாய் ஓயாது. நான் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவன் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவரிடம் நான் ஒரு பொய் சொல்லித்தான் சேர்ந்திருந்தேன். ஊரில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்தேன் என்று சொன்னேன். உண்மையில் நான் வடக்கே, குடாநாட்டின் கரையோர ஊர் ஒன்றில் பத்து வருடம் படகு எஞ்சின் பூட்டியவன். சண்டை பெருத்து ஊரே எழும்பி நடந்தபோது நானும் மனைவியும் நடந்தோம். பல மாதம் கழித்துக் கொழும்பு வந்து சேர்ந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஓர் அறை எடுத்தோம். வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டிய பத்திரத்திலும் தொழில் என்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் என்றுதான் எழுதினேன்.

ஏன் அந்தப் பொய் என்று அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கில் பிறந்தவன், முப்பத்தொரு வயது, கடலில் வேகமாக ஓடுகிற எஞ்சின் பூட்டத் தெரிந்தவன். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்கிற எந்த அதிகாரியும் நாலாவது கேள்வி கேட்கமாட்டார், ஜீப்பில் ஏற்றிவிடுவார். ஏற்றிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள், விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். கொழும்பில் அவளுக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே நான் மோட்டார் சைக்கிள்காரன்.

ஊரில் யார் யாருக்கு எஞ்சின் பூட்டினாய் என்று நீங்கள் கேட்கலாம். வந்தவர்களுக்குப் பூட்டினேன். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வந்தார்கள். வேறு ஆட்களும் வந்தார்கள். எஞ்சினைக் கொண்டுவந்து வைப்பார்கள், நான் பூட்டிக் கொடுப்பேன், கொண்டுபோவார்கள். எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்கிற காலமும் இல்லை அது. கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

ஒருநாள் பட்டறைக்கு ஒரு வான் வந்தது. அதிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களவர் இறங்கினார். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். கல்கிசைக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்கு வோட்டர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவர். தண்ணீரின் மேல் மோட்டார் சைக்கிள் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற அந்தச் சாமானை அதற்கு முன் நான் தூரத்தில்தான் பார்த்திருந்தேன். அதன் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது என்று, கழற்றி வானில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

முதலாளிக்கு ஒரே சந்தோசம். "தம்பி, இது ஒனக்குத்தான் சரி. கடல்ல ஓடுற மோட்டார் சைக்கிள். வேற என்னா?" என்று என் முதுகில் தட்டினார். அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். நான் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எஞ்சினின் தலையைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு சிலிண்டர். முன்னதில் பெரிய பழுது இல்லை. பின்னதில் பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி, சிலிண்டர் சுவரில் ஈயம் பூசினதுபோல் அப்பியிருந்தது. பார்த்தவுடனே என் வாயிலிருந்து வந்துவிட்டது:

"தண்ணி உறிஞ்சுற வாய் அடைச்சிருக்கு."

கடல் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கிற வாய் மோட்டார் சைக்கிளில் கிடையாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓவ். பொலித்தீன் பேக் ஒண்ணு. நான் இன்னும் சொல்லவே இல்ல தானே, மல்லி?" ஓவ், மல்லி என்று ஆமாவும் தம்பியும் மட்டும் சிங்களத்தில் வந்தன, மற்றபடி நல்ல தமிழ் பேசினார். திருகோணமலையில் பன்னிரண்டு வருடம் இருந்தாராம். அங்கே என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. முதலாளி கேட்டார். கடற்படையில் எஞ்சின் வேலை, இப்போது பென்சன் என்றார்.

அந்த இடத்திலேயே எனக்கு வேலையை விட்டுவிட்டு ஓடலாம் போல இருந்தது. ஆனால் எஞ்சின் மேசையில் கிடந்தது. திறந்துபோட்ட எஞ்சினை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. என் குணம் அப்படி.

பிஸ்டன் தெரிவு செய்வதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார் அவர். நல்லதைத் தூக்கிப்போடுவானேன் என்பது அவருடைய நியாயம். நான் விடவில்லை. ஒரே தண்டில் பூட்டிய இரண்டு பிஸ்டன், ஒன்று தேய்ந்தது, மற்றது புதியது, எடையும் வேறு என்றால் எஞ்சின் நடுங்கியே சாகும் என்றேன். பிறகு அவர் வானுக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். வெளிநாட்டிலிருந்து அவருடைய மருமகன் அனுப்பிய பிஸ்டன்கள். அச்சில் ஊற்றாமல் அழுத்தி அடித்துச் செய்தவை. கண்ணாடிபோல் மினுங்கின. பந்தயம் ஓடுகிறவர்கள் அதைத்தான் போடுவார்களாம்.

"பந்தயத்துக்குத்தான் அது சரி," என்றேன். "அடிச்ச பிஸ்டன் சூட்டில கூட வீங்கும். ஓட்டுறவன் முதல்ல எஞ்சினைச் சூடாக்கிப்போட்டுத்தான் முறுக்க வேணும். உங்கட வெள்ளைக்காரன் ஏறி இருந்த உடன முறுக்குவான். ரெண்டாவது கிழமை திரும்ப இஞ்ச கொண்டு வருவியள். வார்ப்புப் பிஸ்டன் போடுங்கோ. வாடகைக்கு ஓடுறதுக்கு அதுதான் பொறுக்கும்."

அவர் சிரித்தார். "மோட்டார் சைக்கிள்காரனுக்கு இவ்வளவு தெரியுமா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் காலம் கடந்துதான் மூடினேன்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக நானும் அவரும் ஏறி இறங்கினோம். அந்த எஞ்சினுக்கு வார்ப்புப் பிஸ்டன் வைத்திருந்தது ஒரே ஒரு கடை. கம்பனி அளவைவிடப் பெரிதாக இரண்டு அளவுதான் அதற்கு உண்டு. கால் மில்லிமீட்டர் பெரியது, அரை மில்லிமீட்டர் பெரியது. அரைக்கு மேல் குடைந்தால் சுவர் மெலிந்துவிடும், பிறகு அந்தச் சிலிண்டர் இரும்புக் கடைக்குத்தான். எப்போதும் அரையையே போட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. ஒரே குடையில் எல்லாக் கீறலும் போய்விடும், வேலை சுகம். நான் கால் மில்லிமீட்டரைத்தான் எடுத்தேன். சிலிண்டரை அளந்து பார்த்திருந்தேன், கீறல் காலில் அடங்கும். ஓர் அளவை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும். நாளைக்கு இன்னொரு பழுது வந்தால் அந்தச் சிலிண்டருக்குப் போக ஓர் இடம் இருக்க வேண்டும் அல்லவா?

கடையில் கால் அளவில் மூன்று பிஸ்டன் இருந்தன. மூன்றில் எந்த இரண்டு ஒரே எடை என்று பார்க்க வேண்டியிருந்தது. கடைத் தராசை நான் நம்பவில்லை. மூன்றையும் பொறுப்பில் வாங்கிக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போய், முதலாளிக்குத் தெரிந்த நகைக் கடை ஒன்றில் பொன் நிறுக்கிற தராசில் வைத்தோம். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எத்தனை பவுண் காப்புச் செய்யப் போறிங்க?" என்று கேட்டார். அன்றைக்கு மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்தக் கடற்படைக்காரரோடு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தெரிந்தெடுத்த இரண்டையும் பட்டறையில் வைத்து அளந்தேன். பிஸ்டன் பார்ப்பதற்கு வட்டம். அளந்தால் முட்டை. தலைப்பக்கம் சிறுத்திருக்கும், கீழே அகன்றிருக்கும். சூடு ஏறும்போது அது வீங்கி வட்டமாகும் என்று செய்தவனுக்குத் தெரியும். அதனால்தான் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் கொஞ்சம் வெளி விடுகிறோம். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் எட்டுப் பங்கு. இந்த எஞ்சினுக்கு அதுதான் அளவு. ஒவ்வொரு பிஸ்டனும் எந்தச் சிலிண்டருக்கு என்று தலையில் ஒன்று, இரண்டு என எழுதி வைத்தேன். மறுநாள் வியாழக்கிழமை குடைய வேண்டும். சனி, ஞாயிறு வாடகைக்கு ஓட வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தியிருந்தார்.

வியாழன் விடியப்புறம் பொலிஸும் ஆமியும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரையும் இறக்கி ஒரு மைதானத்தில் வரிசையாகக் குந்த வைத்தார்கள். பத்திரத்தையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு போனவர்கள் பத்து மணி வரையில் திரும்பவில்லை. பிறகு, ஆளைக் காட்டிக்கொடுப்பதற்கென்று முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நடக்க விட்டார்கள். அவன் என் முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றான். அல்லது எனக்கு அப்படிப் பட்டது. பக்கத்தில் இருந்தவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மத்தியானம் என்னிடம் அட்டையைத் தந்து போகச் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவிக்கு முகத்தைக் காட்டிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். "போய்ப் படு தம்பி," என்றார் முதலாளி. வீட்டில் இருந்தால் நடுக்கம் கூடும் என்று எனக்குத் தெரியும். மெசினைப் போட்டேன். இரண்டு சிலிண்டரையும் குடைந்தேன், பிஸ்டனைப் பூட்டினேன், தலையை இறுக்கினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் அந்த மைதானத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கல்கிசைக்காரர் வந்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதலாளி அந்தோனியாரிடம் போன பிறகு, அவர் தனியாக வந்தார். ஒரு கையில் சிலிண்டர், மறு கையில் பத்திரிகையில் சுற்றிய ஏதோ. எல்லாவற்றையும் என் மேசையில் வைத்தார்.

"எஞ்சின் தட்டுது மல்லி. டக்டக்டக் எண்டு."

"புதுசுதானே மஹத்தயா. கொஞ்சம் ஓட சரிவரும்," என்று சிங்களத்தில் ஐயா போட்டுப் பணிவாகச் சொன்னேன்.

"அப்படியா?" பத்திரிகையைப் பிரித்து ஒரு பிஸ்டனை எடுத்தார். தலையின் ஓரத்தைச் சுற்றிப் பெருவிரலால் மெதுவாகத் தடவினார். "இந்த அரம் யார் போட்டது? கம்பனியா?"

பார்த்தேன். பிஸ்டனின் தலையோரம் முழுவதும், நகத்தின் அகலத்துக்கு, அரத்தால் ராவிய ஒரு சரிவு. நேர்த்தியாக இருந்தது. எங்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைச் செய்தது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அது என் கை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சிலிண்டரை எடுத்து அளந்தேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு.

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வருவதை அரசாங்கம் தடுத்திருந்த வருடங்களில் பெற்றோல் எஞ்சின்களை நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். தெற்கிலும் மீன்பிடிப் படகு மண்ணெண்ணெயில் ஓடும்தான், ஆனால் அவை கம்பனியே அதற்கென்று செய்த எஞ்சின்கள். எங்களுடையவை அப்படியில்லை. நல்ல ஒயிலும் கிடைக்காமல் சமையல் எண்ணெய் கலந்து ஓட்டினோம். மண்ணெண்ணெயில் எஞ்சின் கொதிக்கும், பிஸ்டன் அளவுக்கு மிஞ்சி வீங்கும், நடுக்கடலில் இறுகி நிற்கும். நின்றால் ஆள் திரும்பி வராது. ஆகவே கூடுதலாகக் குடைவோம். பிஸ்டனின் தலையோரத்தை அரம் வைத்து ராவிவிடுவோம். எங்கள் கரையில் எஞ்சின் பூட்டிய எல்லோரும் அப்படித்தான் செய்தோம். பெற்றோல் போட்டால் அந்த எஞ்சின் தட்டும், ஆனால் ஓடும். பத்து வருடம் செய்த வேலையைக் கை மறக்கவில்லை. மனம் காவலில் இல்லாத அந்த ஒரு மத்தியானத்தில் தன் ஊர் அளவுக்கே அது போய்விட்டது.

அவர் என் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வடக்குப் பக்கமிருந்து பிடிச்சுக்கொண்டு வந்த போட் எஞ்சின் எல்லாம் திருகோணமலையில கழட்டினது நான். முதல்ல நாங்க சிரிச்சோம். என்ன பைத்தியக்கார வேலை, இவ்வளவு லூஸ். பிறகுதான் விளங்கிச்சு. எல்லாப் பிஸ்டன்லயும் இந்த அரம் இருந்திச்சு. இதே சரிவு." பிஸ்டனைக் கீழே வைத்தார். "நீ மோட்டார் சைக்கிள்காரன் இல்ல."

நான் சிலிண்டரை மேசையில் வைத்தேன்.

"என்ட தம்பியும் நேவிதான். என்னைப் பார்த்துத்தான் சேர்ந்தான்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வடக்குக் கடல்ல போனான். சின்ன போட் ஒண்ணு வந்து இவங்கட போட்ல மோதி வெடிச்சிச்சு. அவன்ட உடம்பு கூடக் கிடைக்கல்ல. அந்தச் சின்ன போட்டுக்கு ஒரு எஞ்சின் இருந்திச்சு தானே? அதை ஒருத்தன் பூட்டியிருப்பான் தானே?" இப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி வெள்ளவத்தையில் எனக்காகக் காத்திருந்தாள். கடவுளறிய அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மேசையில் அந்தப் பிஸ்டன் கிடந்தது, என் கை அதில் எழுதிக் கிடந்தது. அதை முன்னால் வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"தெரியாது மஹத்தயா," என்றேன். "வந்த ஆக்களுக்கெல்லாம் பூட்டிக் குடுத்தனான். ஆர் எண்டு கேக்கேல்லை. எங்க கொண்டு போகினம் எண்டும் கேக்கேல்லை. தெரியாது."

அவர் முக்காலியிலிருந்து எழும்பினார். பிறகு இரண்டு பிஸ்டனையும் அந்தப் பத்திரிகையிலேயே சுற்றி எடுத்தார். சிலிண்டரைத் தொடவில்லை. இறங்கிப் போனார். எனக்கு எதிரான சாட்சி அவருடைய கையில் போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏனப்பா, இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கேலாதே?"

"தெரியாதெண்டதுதான் உண்மை."

"உங்கட உண்மையை வச்சு நான் என்ன செய்யிறது? நாளைக்கு ஆரிட்டைப் போய் நிக்கிறது? எந்தக் காம்பில தேடுறது? சொல்லுங்கோ பாப்பம்!"

அவள் கேட்டது நியாயம். கிருலப்பனையில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அங்கே போய் ஒளிக்கலாமா என்று யோசித்தோம். பதிவு இல்லாமல் போய் நின்றால் அவரையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். வேலைக்குப் போகாமல் நின்றால் ஓடினவன் என்பார்கள். கடைசியில் அவள் ஒரு பையில் இரண்டு சாரம், துவாய், சவர்க்காரம், எனக்கு வயிற்றுப்புண் என்று டொக்டர் எழுதிய துண்டு எல்லாவற்றையும் வைத்துக் கதவோரத்தில் தொங்கவிட்டாள். பிடித்துக்கொண்டு போகிறவனுக்குக் கொடுத்துவிட வேண்டிய பை. அந்தப் பையைத் தாண்டித்தான் புதனும் வியாழனும் நான் வேலைக்குப் போனேன். அந்த இரண்டு நாளும் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் பஸ் நிறுத்தம் வரைக்கும், அந்த வயிற்றோடு, கூட வந்தாள்.

முதலாளியிடம் எஞ்சின் தட்டுகிறதாம், திரும்பப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "ஒன் வேலையும் திரும்பி வருதா? அந்தோனியாரே!" என்று பெரிய சத்தமாகச் சிரித்தார். வாசலில் ஒரு வாகனம் நின்றாலே மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நின்றது கல்கிசைக்காரருடைய வான்தான். தனியாகத்தான் வந்திருந்தார். பின்னால் ஜீப் வருகிறதா என்று நான் தெருவைப் பார்த்தேன். வரவில்லை. அவர் உள்ளே வந்து ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். திறந்து பார்த்தேன். இரண்டு வார்ப்புப் பிஸ்டன், அரை மில்லிமீட்டர் பெரியது. பஞ்சிகாவத்தையில் வாங்கி, செட்டியார் தெருவுக்கும் தானே கொண்டுபோய் நிறுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் மிச்சம் வைத்த அந்த ஓர் அளவு.

முதலாளி தேத்தண்ணி சொல்லப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமையில என்ட பழைய நேவி ஆக்கள் பீச்சுக்கு வருவாங்க. குளிப்பாங்க, குடிப்பாங்க, என்ட மெசினையும் ஓட்டுவாங்க. அவங்களுக்கும் காது இருக்கு மல்லி. நான் கழட்டின எஞ்சின் எல்லாம் அவங்களும் பார்த்தது. அந்தச் சத்தம் அவங்க காதில விழக் கூடாது." பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இது கொழும்பு எஞ்சின். கொழும்பு அளவில போடு."

என் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒளிக்கக் குனிந்து அளவுக்கருவியைத் துடைத்தேன். அன்றைக்குக் குடையும்போது அவர் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு தடவை வெட்டியதும் நிறுத்தி அளந்தேன். நான் அளந்ததை அவர் வாங்கித் தானும் அளந்தார். அரம் ஆணியில் தொங்கியது. அதன் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. இரண்டிலும் எட்டு.

முடிந்த பிறகு கேட்டேன், "அந்த ரெண்டு பிஸ்டனையும் என்ன செய்தனீங்கள்?"

"கடல்ல போட்டேன்," என்றார். "தம்பி இருக்கிற கடல் தானே." அவ்வளவுதான் சொன்னார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. அவருடைய தம்பிக்கு என்ன வயது என்று கேட்க வாயெடுத்தேன். அதையும் கேட்கவில்லை. பிறகு அவர் பட்டறைக்கு வரவே இல்லை. அந்த எஞ்சின் பழுதாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் பிறந்து மூன்று மாதமானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மனைவிதான் கல்கிசைக்குப் போய்ப் பார்ப்போம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். "எனக்கு அந்தச் சத்தத்தைக் கேக்க வேணும்," என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரையின் ஓரத்தில், தென்னைகளுக்குக் கீழே தள்ளி நின்றோம். அவர் தண்ணீர் விளிம்பில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி மயிரை ஒட்ட வெட்டிய ஏழெட்டுப் பேர் மணலில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வோட்டர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, சூடாக்காமலே முறுக்கினான். எஞ்சின் ஒரு தட்டல் இல்லாமல் எழும்பி, அலையைத் தாண்டி ஓடியது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணலில் இருந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.